வெடிக்கும் பழம், பொக்குக் கடலை, விரியாத குருத்து, சாயும் நெல்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் பயிர் செய்பவர்களை ஆண்டுதோறும் வருத்தும் கோளாறுகளில் ஒரு கூட்டம் உண்டு. தக்காளிக் காயின் அடிமுனை கருகுகிறது. மழைக்கு மறுநாள் பழம் வெடிக்கிறது. பிடுங்கிய கடலைக்குள் பருப்பு இல்லை. தென்னங்குருத்து விரியாமல் முறுக்கிக்கொள்கிறது. கதிர் பிடித்த சம்பா நெல் ஒரே காற்றில் படுத்துவிடுகிறது. இவற்றைப் பூச்சி என்றும் நோய் என்றும் எண்ணி மருந்துக் கடைக்குப் போகிறவர்களே அதிகம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை, செடியின் செல்சுவர் உருவாகும் நாட்களில் அதற்கு வேண்டிய பொருளோ நீரோ உரிய அளவில் போய்ச் சேராததால் வருபவை. மருந்து தெளிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை, செலவில்லாத சோதனையில் தொடங்கி, ஒவ்வொரு அறிகுறியின் கீழும் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தத்துவ விளக்கத்துக்கு இது இடமில்லை. வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். செல்லுக்குள் இருக்கும் நீர், மிதிவண்டி டியூபில் அடைத்த காற்றைப்போல வெளிநோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. டயராக நின்று அதைத் தாங்குவது செல்சுவர். செல் வளர வேண்டுமானால் சுவர் சற்று இளகி அந்த அழுத்தத்துக்கு இடம்கொடுக்க வேண்டும். வளர்ந்து முடிந்ததும் இறுக வேண்டும். செல்லுலோஸ் இழைகளுக்கு இடையே நிரம்பியிருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைச் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) போரானும் பிணைக்கின்றன. தண்டிலும் நாரிலும் லிக்னின் என்ற மரப்பொருள் ஏறிக் கெட்டிப்படுத்துகிறது. நெல்லிலும் கரும்பிலும் சிலிக்காவும் சேர்கிறது. இதில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றே: சுண்ணாம்புச் சத்து வேரிலிருந்து நீரோட்டத்தோடு மேலேறி ஓரிடத்தில் படிந்துவிட்டால், பிறகு அங்கிருந்து கிளம்பி இளந்தளிருக்கோ காய்க்கோ போகாது. போரானும் நாம் வளர்க்கும் பெரும்பாலான பயிர்களில் அப்படித்தான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

குறை எங்கே தோன்றியிருக்கிறது என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நன்றாக இருந்து, குருத்து, தளிர், பிஞ்சு ஆகியவை மட்டும் கெட்டிருந்தால், செல்சுவர்க் குறையாக இருக்க வாய்ப்பு மிகுதி. முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகிக் காய்ந்தால் அது தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் போன்ற வேறு கணக்கு. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

அடுத்து, கடந்த இரண்டு மூன்று வாரங்களில் தண்ணீர் எப்படிப் பாய்ந்தது என்பதை நாள்வாரியாக நினைவுபடுத்தி எழுதுங்கள். இன்று கண்ணில் படும் கருகல் இன்று உண்டானதன்று. காய் மிளகளவு பிஞ்சாக இருந்தபோது நேர்ந்தது. கெட்ட காயை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு பரிகாரமும் அடுத்து வரும் பிஞ்சுக்கும் அடுத்து விரியும் குருத்துக்கும் உரியது.

## அறிகுறி: தக்காளி, மிளகாய், கத்தரிக் காயின் அடிமுனை கருகிக் குழிகிறது

முதலில் அது அந்தக் கோளாறுதானா என்று உறுதிசெய்யுங்கள். காம்புக்கு எதிர்முனையில், பூ உதிர்ந்த இடத்தில், நீர் கோத்ததுபோல் தொடங்கிப் பழுப்பாகி, தோல்போல் உலர்ந்து தட்டையாகக் குழிந்திருந்தால் அதுவே. வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளுத்துக் காகிதமாக இருந்தால் வெயில் சுட்டது. வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் பூசண நோய். துளை இருந்தால் காயை அறுத்துப் பாருங்கள். உள்ளே புழு இருக்கும்.

தண்ணீர் சீராக இல்லை. பத்தில் பெரும்பங்கு இங்கேயே முடிந்துவிடும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். காலையில் சேறாகவும் மாலையில் பொடியாகவும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சித்திரை, வைகாசி வெயிலில் மேல்காற்று அடிக்கும்போது வேர் உறிஞ்சும் நீரெல்லாம் இலைகளுக்கே போய்விடுகிறது; காயிலிருந்து நீர் ஆவியாவது குறைவு என்பதால் அதன் பங்குக்குச் சுண்ணாம்புச் சத்து வந்து சேர்வதில்லை. ஒரே வேளையில் நிறைய ஊற்றுவதை விட்டு, அதே அளவைக் காலையும் மாலையுமாகப் பிரித்து ஊற்றுங்கள். வேர்ப்பகுதியை வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த சருகு என்று கையில் கிடைப்பதைக் கொண்டு மூடாக்கிடுங்கள். மொட்டை மாடியில் பத்து லிட்டருக்குக் குறைவான பையில் தக்காளி வைத்திருந்தால், எந்தச் சத்தை வாங்கி ஊற்றினாலும் கோடையில் பயன் இராது. பையை மாற்றுவதே வழி.

யூரியாவோ சாண எருவோ மிகுந்துவிட்டது. செடி கரும்பச்சையாக, இலை பெருத்து, காய் குறைந்திருந்தால் இதைச் சந்தேகியுங்கள். அம்மோனிய வடிவத் தழைச்சத்து, வேர் சுண்ணாம்புச் சத்தை எடுப்பதைத் தடுக்கிறது. மூன்று வாரம் மேலுரத்தை நிறுத்திப் பாருங்கள்.

தென்னை நார்க்கழிவு. புதுச்சேரியின் மாடித் தோட்டங்களில் நான் அதிகமாகக் காணும் காரணம் இது. பதப்படுத்தாத நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டியிருக்கும். சுண்ணாம்புச் சத்துக் கரைசல் அதன்மேல் பட்டால், கழிவு அதைத் தான் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விடும். ஆகவே செடிக்குக் கொடுத்தது செடிக்குப் போவதில்லை. கட்டியை வாங்கியதும் நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்து, மீண்டும் ஒருமுறை அலசிய பின்னரே கலவையில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே நட்டுவிட்ட பையாக இருந்தால் அதே கரைசலைப் பாதி அளவில், வாரம் ஒருமுறை வேரில் ஊற்றலாம்.

தண்ணீரே உப்பு. கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பேறியிருப்பது தெரிந்த செய்தி. உப்பு நீரில் சோடியம், வேரின் வாயிலிலேயே சுண்ணாம்புச் சத்தோடு போட்டியிடுகிறது; அதோடு வேர் நீர் உறிஞ்சுவதும் குறைகிறது. நீரின் உப்பளவைக் காட்டும் கையடக்க மின்கடத்துத்திறன் கருவி ஒன்று வாங்கிவைப்பது, புட்டிப் புட்டியாக நுண்சத்து வாங்குவதைவிட மலிவு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு தரும் வழிகாட்டி அளவின்படி, மீட்டருக்கு 0.7 டெசிசீமனுக்குக் கீழுள்ள நீர் எல்லாப் பயிருக்கும் ஏற்றது. 3-க்கு மேல் போனால் கடுமையான கட்டுப்பாடு வேண்டும். இடைப்பட்ட நீரென்றால் மழைநீரைக் கலந்து ஊற்றலாம். வாரம் ஒருமுறை பையின் அடித்துளை வழியே நீர் நன்றாக ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம்.

மண்ணில் உண்மையிலேயே சுண்ணாம்புச் சத்து இல்லை. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் சில இடங்களில் அமிலத்தன்மை உடையது. கடலோர மணல் எதையும் பிடித்துவைக்காது. மேலே சொன்ன நான்கும் இல்லை என்று உறுதியான பிறகே இதை எண்ண வேண்டும். உடனடி உதவியாக லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்துப் பூக்கும் பருவத்திலும் பிஞ்சுப் பருவத்திலும் தெளிக்கலாம். அந்தக் கரைசலோடு டி.ஏ.பி. உரத்தையோ எந்தச் சல்பேட்டையோ கலக்கக் கூடாது. கலந்தால் வெள்ளையாகப் படிந்து தெளிப்பான் அடைத்துக்கொள்ளும், சத்தும் வீணாகும். முட்டை ஓட்டுத் தூளை அள்ளிப் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. அது கரைய மாதக்கணக்கில் ஆகும், காரத்தன்மையுள்ள மண்ணில் அதைவிடவும் மெதுவாகும். இந்தப் பருவத்துக் காயைக் காப்பாற்ற அது உதவாது.

தண்ணீரைச் சீராக்கி ஒரு மாதம் ஆன பிறகும் புதுப் பிஞ்சுகள் கருகினால், மேற்கொண்டு செலவு செய்யாமல் மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

## அறிகுறி: பழுக்கும் நேரத்தில் பழம் வெடிக்கிறது

வெடிப்பின் திசையைப் பாருங்கள். தக்காளியில் காம்பிலிருந்து கீழ்நோக்கி நேர்கோடாக வெடித்திருந்தால், நிலம் காய்ந்து கிடந்த பின் வந்த திடீர் நீரே காரணம். காம்பைச் சுற்றி வளையம் வளையமாக மெல்லிய கீறல்கள் இருந்தால், காய் பச்சையாக இருந்தபோதே அத்தகைய ஏற்ற இறக்கம் பலமுறை நடந்திருக்கிறது. பழுக்கும்போது காய் தன் செல்சுவரைத் தானே நொதிகளால் இளக்கிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து வேர் நீரை இழுத்துத் தள்ளினால் தோல் தாங்காது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செலவில்லாத வழி, காய் நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து நிழலில் பழுக்கவைப்பதுதான். வானிலை எச்சரிக்கை வந்த நாளில் பறித்துவிடுங்கள். மழைக்கு முந்தைய வாரத்தில் நிலத்தைக் காயவிடாமல் வைத்திருப்பதும் உதவும். மழை வரப்போகிறதே என்று தண்ணீரை நிறுத்துகிறவர்களின் தோட்டத்தில்தான் வெடிப்பு மிகுதியாக இருக்கிறது. இவற்றுக்குப் பிறகும் வெடிப்பு தொடர்ந்து, வெடித்த இடத்தின் ஓரம் தக்கைபோல் சொரசொரப்பாக இருந்தால் போரான் குறையைச் சந்தேகித்து, போரான் உப்பான போராக்ஸை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கலந்து ஒருமுறை தெளிக்கலாம். போரானில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கண்ணளவில் போடாமல் எடை பார்த்தே போட வேண்டும்.

பண்ருட்டிப் பலாவில் காய் கோணிப்போவது இந்தக் கணக்கில் சேராது. பலாப்பழம் பல பூக்கள் சேர்ந்து ஆன ஒன்று. எந்தப் பக்கத்துப் பூக்கள் கருவுறவில்லையோ அந்தப் பக்கம் வளராமல் ஒடுங்கும். அதற்குப் போரான் வாங்கி ஊற்றிப் பணத்தை இழக்க வேண்டாம்.

## அறிகுறி: கடலைக் கொடி செழிப்பாக இருக்கிறது, காயில் பருப்பு இல்லை

நம் மாவட்டத்தில் இந்தக் கோளாறுக்கு ஈடாக விவசாயியை ஏமாற்றுவது வேறில்லை. மேலே பார்த்தால் பயிர் அத்தனை அழகாக இருக்கும். காரணம் கடலையின் அமைப்பிலேயே இருக்கிறது. மற்றப் பயிர்களின் காய், வேர் அனுப்பும் நீரோட்டத்திலிருந்து சுண்ணாம்புச் சத்தைப் பெறுகிறது. கடலையின் விழுது, அதாவது நுனியில் காய் பிடிக்கும் காம்பு, மண்ணுக்குள் இறங்கிய பிறகு, அங்கே நீர் ஆவியாக வழியில்லாததால் அந்த ஓட்டம் காய்க்கு வருவது நின்றுபோகிறது. ஆகவே காய், தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே ஓட்டின் வழியாகச் சுண்ணாம்புச் சத்தை எடுத்தாக வேண்டும். வேர் ஓரடி ஆழத்தில் எவ்வளவு எடுத்தாலும் காய்க்கு அதனால் பயனில்லை.

சோதனை எளிது. விதைத்த அறுபதாம் நாளுக்கு மேல் வயலின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி, முற்றத் தொடங்கிய காய்களை உடையுங்கள். ஓடு முழு அளவுக்கு வளர்ந்து உள்ளே பருப்பு சூம்பியிருந்தால் அல்லது இல்லாமலே இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறை. பருப்பு வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்து, இரண்டாகப் பிளந்தால் உட்பக்கம் குழிந்து பழுப்பாக இருந்தால் போரான் குறை. ஓட்டில் துளையோ அழுகலோ இருந்தால் புழுவும் பூசணமும். அவற்றுக்கு வைத்தியம் தனி.

காரணங்களில் முதலாவது, காய் பிடிக்கும் மேல்மண் காய்ந்துபோனது. மண்ணில் சத்து இருந்தாலும் ஈரமில்லாவிட்டால் அது கரைந்து ஓட்டைத் தொடாது. விழுது இறங்கும் நாட்களிலும் காய் முற்றும் நாட்களிலும் மேலிருந்து நான்கு விரல்கடை மண் காயவே கூடாது. அடுத்தது, சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் போடாமல் விட்டது அல்லது காலம் தவறிப் போட்டது. விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தைச் செடியின் அடியில் இட்டு, களை கொத்தி மண் அணைக்க வேண்டும். மண் அணைப்பதை விட்டுவிட்டு வரிசை நடுவே தூவிச் செல்வது பாதி வேலைகூட ஆகாது. மூன்றாவது, அந்த நேரத்தில் பொட்டாஷை மேலுரமாகக் காய் பிடிக்கும் இடத்தில் கொட்டியது. அது சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிடும். பொட்டாஷை அடியுரமாக விதைப்பின்போதே முடித்துவிடுவது நல்லது.

பருப்பின் உட்குழிவு தெரிந்த நிலத்தில் அடுத்த பட்டத்துக்கு ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸை மணலில் கலந்து ஒருமுறை இடலாம். ஜிப்சம் உரிய காலத்தில் இட்டு, ஈரமும் காத்து, அப்படியும் இரண்டு பட்டம் தொடர்ந்து பொக்கு விழுந்தால், விருத்தாசலத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகுங்கள். கடலை இரகங்களையே உருவாக்கி வெளியிடும் நிலையம் அது. போகும்போது வழக்கமான ஆழத்து மண்ணோடு, காய் பிடிக்கும் மேல்மண்ணைத் தனியாக ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.

## அறிகுறி: குருத்து விரியவில்லை, இலை முறுக்கிக்கொள்கிறது, காய் மேடு பள்ளமாகிறது

தென்னையில். புதிய மட்டையின் ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரியாமல், நுனி கொக்கியாக வளைந்து, மட்டை வரவரக் குட்டையானால் போரான் குறை. ஓலையில் கத்தரித்ததுபோல் முக்கோண வெட்டு இருந்தால் காண்டாமிருக வண்டு. நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து அடியில் நாற்றம் வீசினால் குருத்தழுகல். குருத்தழுகல் என்றால் அன்றே வேளாண்மை அலுவலரை அழைக்க வேண்டும். தாமதித்தால் மரமும் போகும், பக்கத்து மரங்களுக்கும் பரவும். போரான் குறைதான் என்றால், மரத்துக்கு 50 கிராம் போராக்ஸ் என்ற அளவில் இரு தவணையாகப் பாத்தியில் இட்டு நீர் பாய்ச்சுங்கள். ஏற்கெனவே வளைந்த மட்டைகள் நிமிராது. இரண்டு மூன்று புதிய மட்டைகள் வந்த பிறகே பலன் தெரியும். அதற்குள் பலனில்லை என்று மேலும் மேலும் இடுபவர்கள் மரத்தின் இலை நுனிகளைக் கருகச் செய்துவிடுகிறார்கள்.

பப்பாளியில். காய் கட்டி கட்டியாகப் புடைத்து, பிஞ்சிலேயே பால் கசிந்திருந்தால் பெரும்பாலும் போரான் குறை. நட்ட நான்காம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் 0.5 விழுக்காடு துத்தநாக சல்பேட்டும் 0.1 விழுக்காடு போரிக் அமிலமும் சேர்த்துத் தெளிப்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் இருந்து, காயில் வளையங்கள் தெரிந்தால் அது நச்சுயிரி. தெளிப்பால் தீராது, செடியை அகற்ற வேண்டும்.

மிளகாயில். இலை சுருண்டதும் சுண்ணாம்புச் சத்துக்கு ஓடாதீர்கள். விளிம்பு மேல்நோக்கிப் படகாகச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து இலை நீண்டு ஒடுங்கினால் மஞ்சள் சிலந்தி. உருப்பெருக்கிக் கண்ணாடியால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

## அறிகுறி: நாற்று நீண்டு மெலிகிறது, அல்லது அடியில் மடிந்து விழுகிறது

குழித்தட்டு நாற்று வெளிறி நீண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சக் குறைவு. இருட்டில் தண்டின் செல்சுவர் அளவுக்கு மீறி இளகி நீண்டுவிடும். கெட்டிப்படும் வேலை தள்ளிப்போகும். தட்டைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, நெருக்கத்தைக் குறைத்து, நாளுக்கு இருமுறை உள்ளங்கையால் நாற்றின் தலையை மெல்லத் தடவிக்கொடுங்கள். அந்த அசைவு தண்டைக் குட்டையாகவும் தடிப்பாகவும் ஆக்கும்.

மண்மட்டத்தில் தண்டு வெந்ததுபோல் குழைந்து விழுந்தால் நாற்றழுகல். அந்தப் பூசணங்கள் செல்களுக்கு இடையிலுள்ள பெக்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பதால்தான் தண்டு அப்படிக் குழைகிறது. நீரைக் குறைத்து, வடிகாலைச் சரிசெய்து, விழுந்தவற்றைச் சுற்றுமண்ணோடு எடுத்துவிடுங்கள். அடுத்த விதைப்புக்குக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணம் கலந்து விதையுங்கள்.

நெல் நாற்றங்காலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நாற்றுகள் மற்றவற்றைவிட உயரமாக, வெளிறி, ஒல்லியாக நின்றால் அவை விதைவழிப் பூசண நோய்க்கு ஆளானவை. அந்தப் பூசணம் சுரக்கும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சிப் பொருளே அவற்றை இழுத்து நீட்டுகிறது. உயரமாக இருக்கிறதே என்று நடவுக்குத் தேர்ந்தெடுக்காமல் பிடுங்கி அழித்துவிடுங்கள்.

## அறிகுறி: கதிர் பிடித்த நெல் சாய்கிறது

சாய்ந்த வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடித்துப் பாருங்கள். அடிப்பகுதி கரிந்து, தூரில் பழுப்பு நிறச் சிறு பூச்சிகள் மொய்த்திருந்தால் புகையான். இலையுறையில் பாம்புத்தோல்போல் சாம்பல் நிறத் திட்டுகள் இருந்தால் உறைக்கருகல். இவை இல்லாவிட்டால், குத்து வேரோடு சாய்ந்திருக்கிறதா, தண்டு மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேரோடு சாய்ந்திருந்தால் மண் அளவுக்கு மீறிக் குழம்பி, வேர் மேலாக நிற்கிறது. அடுத்த முறை நீர் நிர்வாகமே மாற வேண்டும். தண்டு மடங்கியிருந்தால் இலையுறையை உரித்து, கீழிருந்து இரண்டாம், மூன்றாம் கணுவிடைப் பகுதியை விரல்களால் அழுத்துங்கள். எளிதில் நசுங்கினால் சுவர் மெல்லியது.

சுவர் மெல்லியதாவதற்கு முதற்காரணம் யூரியா. பச்சை கட்ட வேண்டும் என்று கதிர் உருவாகும் நேரத்தில் கூடுதலாக வீசும் ஒரு மூட்டை, தண்டை நீளச் செய்து சுவரை மெலியச் செய்கிறது. இலையின் பச்சையை எண்ணிட்ட பட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான இரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டும் தழைச்சத்து இடுங்கள். சாம்பல்சத்து முழுவதையும் அடியுரமாக இடாமல், தழைச்சத்தோடு சேர்த்துத் தவணையாகக் கொடுங்கள்.

இரண்டாவது, வடியாத தண்ணீர். காட்டுமன்னார்கோயில், குமராட்சி, புவனகிரிப் பக்கங்களின் தாழ்ந்த வயல்களிலும் பாகூர்ப் பகுதியின் பள்ளக்கால்களிலும் ஐப்பசி, கார்த்திகையில் நீர் நாட்கணக்கில் நிற்கும். மூழ்கிய நெல், மூச்சுக்காகத் தண்டை நீட்டும் இயல்புடையது. அப்படி அவசரமாக நீண்ட தண்டு பிறகு கதிரைத் தாங்காது. வடிகாலைப் புரட்டாசியிலேயே தூர்வாரி வைப்பதைத் தவிர இதற்கு மாற்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் தன் வயலை மட்டும் சரிசெய்து பயனில்லை. வாய்க்கால் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது, சிலிக்கா. நெல் மண்ணிலிருந்து ஏராளமாகச் சிலிக்காவை எடுத்துத் தண்டிலும் இலைத் தோலிலும் படியவைக்கிறது. அதில் பெரும்பகுதி வைக்கோலோடும் உமியோடும் வயலைவிட்டு வெளியேறிவிடுகிறது. வைக்கோல் முழுவதையும் விற்றுவிடும் நிலத்தில் ஆண்டுக்கு ஆண்டு தண்டு தளர்வதைக் காணலாம். மாட்டுக்குப் போக மிஞ்சிய வைக்கோலை மடக்கி உழுங்கள். அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். அதைக் கடைசி உழவில் சேர்க்கலாம்.

சாய்ந்துவிட்ட பயிருக்கு: பால் பிடிக்கும் பருவமானால் நீரை உடனே வடித்து, நான்கைந்து குத்துகளைச் சேர்த்துத் தூக்கிக் கட்டுங்கள். முற்றிய பயிரானால் கட்டும் கூலி வீண். வடித்துவிட்டுக் கதிரிலேயே முளைப்பதற்குள் அறுங்கள்.

## அறிகுறி: நட்ட கன்று, கட்டிய கழியை எடுத்ததும் சாய்கிறது

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், இந்தப் பகுதியின் முந்திரி, பலாத் தோப்புகளை அடியோடு சாய்த்தது. அதன் பிறகு நட்ட கன்றுகளைப் பலரும் பயத்தினால் சவுக்குக் கழியோடு உச்சிவரை இறுக்கிக் கட்டுகிறார்கள். அசையாத தண்டில் கட்டை தடிக்காது. காற்றில் ஆடும்போதுதான் தண்டின் அடியில் புதிய செல்கள் கூடுதலாக உருவாகி, சுவர் தடித்து, லிக்னின் ஏறுகிறது. கன்றின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், சணலை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, மேற்பகுதியை ஆடவிடுங்கள். ஓராண்டில் கழியை எடுத்துவிடுங்கள். அப்படியும் நிற்காத கன்றின் அடிமண்ணைக் கிளறிப் பாருங்கள். பாலித்தீன் பையின் வடிவத்திலேயே வேர் சுருண்டிருந்தால் அதை மீட்பது கடினம், மாற்றி நடுவதே மேல். வீட்டின் மேலோ மின்கம்பியின் மேலோ சாய்ந்த பெரிய மரத்தை நீங்களே வெட்ட முயல வேண்டாம். மின்துறைக்கும் உள்ளாட்சிக்கும் தெரிவித்து, மரம் வெட்டும் தொழில் தெரிந்தவரைக் கொண்டே அகற்றுங்கள்.

## அறிகுறி: வெண்டை நாராகிறது, முள்ளங்கி சக்கையாகிறது

இது குறைபாடில்லை, தாமதம். வெண்டைக்காய் முற்றினால் லிக்னின் ஏறிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறியுங்கள். முள்ளங்கியைக் கோடையில் நாள் தள்ளாமல் பிடுங்கிவிடுங்கள்.

## எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

கடலூர் மாவட்டத்தவர் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். கரும்புக்குக் கடலூரிலேயே கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிதம்பரம் பக்கத்தவருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் அருகில். புதுச்சேரியில் அந்தந்தப் பகுதி உழவர் உதவியகமும் குரும்பாப்பட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. தொலைபேசியில் கேட்க, கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800 180 1551.

கெட்ட காயை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோயுற்ற செடியொன்றையும் அதே வயலின் நல்ல செடியொன்றையும் வேரோடு எடுத்து, ஈரத்துணியில் சுற்றிக் காகிதத்தில் பொதியுங்கள்; பாலித்தீன் பையில் அடைத்தால் வழியிலேயே வெந்துவிடும். மண்ணை, உரம் இட்ட இடத்தையும் வரப்போரத்தையும் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவாகக் குறைத்துக் கொடுங்கள். வழக்கமான பரிசோதனையில் கார அமில நிலையும் உப்பின் அளவும் பேரூட்டச் சத்துகளும் மட்டுமே வருவதுண்டு; சுண்ணாம்புச் சத்தும் போரானும் வேண்டும் என்று படிவத்தில் எழுதிக் கேட்க வேண்டும். பாசன நீரை, மோட்டார் கால் மணி நேரம் ஓடிய பிறகு, அதே நீரால் கழுவிய புட்டியில் ஒரு லிட்டர் பிடித்துக்கொள்ளுங்கள். நாள்வாரியாக எழுதிய தண்ணீர்க் குறிப்பையும், இட்ட உரம், தெளித்த மருந்து ஆகியவற்றின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதி மாதிரியோடு சேர்த்துக் கொடுங்கள்.